தான்சானியாவில் இரண்டு ஆண்டு ஊழியம்: அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்?

கேள்வி: வேர்க்கிளம்பி தம்பி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது. ஊர் வேர்க்கிளம்பிக்கு அருகில். இயந்திரவியலில் டிப்ளமோ முடித்துவிட்டு மூன்று ஆண்டுகளாக மார்த்தாண்டத்தில் ஒரு வாகனப் பணிமனையில் வேலை செய்து வருகிறேன். எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தின் வழியாக விண்ணப்பித்து, தான்சானியா நாட்டில் கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் ஒரு சபை நடத்தும் தொழிற்பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுக்கவும், அங்குள்ள இளைஞர்களிடையே ஊழியம் செய்யவும் இரண்டு ஆண்டுகளுக்குத் தெரிவு செய்யப்பட்டிருக்கிறேன். வரும் ஜனவரியில் புறப்பட வேண்டும்.

பயிற்சி முகாமில் அழைப்பைப் பற்றியும் அர்ப்பணிப்பைப் பற்றியும் பத்து நாட்கள் நன்றாகவே பேசினார்கள். ஆனால் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், சமையல் யார் செய்வார்கள், துணி எங்கே துவைப்பது, மாலை ஆறு மணிக்குப் பிறகு ஒருவன் என்ன செய்வான் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. சபையின் மூப்பர்களிடம் கேட்டால், "கர்த்தர் நடத்துவார், நீ போ" என்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை அங்கே எப்படி விடிந்து எப்படி முடியும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுவது நம்பிக்கைக் குறைவாகாது என்று நினைக்கிறேன்.

அம்மாவின் கவலை எல்லாம் அங்கே சோறு கிடைக்குமா என்பதுதான். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போன வாரம் தலையில் கட்டிக்கொள்ளும் புதிய டார்ச் ஒன்றை வாங்கி என் பெட்டிக்குமேல் வைத்திருக்கிறார். வெளிநாட்டில் ஊழியம் செய்தவர்கள் இங்கே இருந்தால், பிரசங்கத்தைத் தவிர மற்றதை எனக்குச் சொல்லுங்கள். முக்கியமாக மொழி, பணம், தனிமை ஆகிய மூன்றையும் எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில்: வாழைத்தோப்பு

தம்பி, மோஷி நகரத்திற்கு மேலே மலைச்சரிவில் உள்ள ஒரு சிற்றூரில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியவன் நான். இப்போது குலசேகரத்தில் இருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும், நான் போவதற்குமுன் இதையே கேட்க வெட்கப்பட்டது நினைவுக்கு வந்தது.

முதலில் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நான் வந்த வாரமே தடுக்கி விழுந்த இடம் அதுதான். சுவாஹிலி மொழியில் மணியைச் சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணுகிறார்கள். நம்முடைய காலை ஏழு மணி அவர்களுக்கு 'ஸா மோஜா', அதாவது முதல் மணி. நம்முடைய நண்பகல் பன்னிரண்டு அவர்களுக்கு ஆறாம் மணி. சபை மூப்பர் ஒருவர் சனிக்கிழமை மூன்றாம் மணிக்கு வீட்டு ஜெபத்துக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். நான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பிற்பகல் மூன்று மணிக்கு வாசலில் நின்றேன். அவரோ காலை ஒன்பது மணிக்கே வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நான் குளிக்கப் போயிருந்ததால் திரும்பிவிட்டிருக்கிறார். பெரிய வெள்ளி ஆராதனையில் ஆறாம் மணி முதல் ஒன்பதாம் மணி வரை இருள் சூழ்ந்தது என்று வாசித்துக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம்; அந்தக் கணக்கு இன்னும் நடைமுறையில் இருக்கும் ஊருக்குத்தான் நீங்கள் போகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டால் எளிதாகப் பழகிவிடும். ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் அவர்களும் நம்மைப்போலவே மணி சொல்வார்கள் என்பதால், எந்த மொழியில் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என்னுடைய நாள் ஐந்தரை மணிக்கு விடியும். பள்ளி வளாகத்திலேயே எனக்கு ஓர் அறையும், பின்புறம் சமையலுக்கு ஒரு தாழ்வாரமும் கொடுத்திருந்தார்கள். குழாயில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும் என்பதால், இரண்டு வாளிகளை நிரப்பி வைப்பது ஜெபத்துக்கும் முந்திய வேலை. கரி அடுப்பைப் பற்றவைத்து, தேநீர் போட்டு, நம்மூர்ப் போண்டாவைப் போன்ற 'மாண்டாஸி' இரண்டைக் கடையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஏழரைக்கு மாணவர்களோடு காலை ஜெபத்தில் நிற்பேன். ஒரு மணி வரை வகுப்பு. மதியம் மாணவர்களோடு சேர்ந்து 'உகாலி'யும் அவரையும் கீரையும். உகாலி என்பது மக்காச்சோள மாவில் கிளறுகிற கெட்டிக் களி; அவர்கள் 'ம்சீச்சா' என்று சொல்லும் கீரை நம்முடைய தண்டங்கீரையின் சொந்தம்தான். பிற்பகலில் வீடு சந்திப்பு, பட்டறையில் பழுது பார்க்கும் வேலை, வாரத்தில் இரண்டு நாள் வாலிபர் கூட்டம். ஏழு மணிக்கு இருட்டிவிடும். மின்சாரம் போனால், போனதுதான்.

அம்மாவிடம் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று சொல்லுங்கள். அரிசி சந்தையில் கிடைக்கும். அதைவிட முக்கியமானது, மரச்சீனிக் கிழங்கு கிடைக்கும் என்பது. அவர்கள் அதை 'மிஹோகோ' என்கிறார்கள், அவித்தும் பொரித்தும் தின்கிறார்கள். விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் திருவிதாங்கூரில் பரவி நம் வீட்டு உணவான அதே கிழங்கு, தென்னமெரிக்காவிலிருந்து வேறு வழியாக அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மலைச்சரிவு முழுவதும் வாழையும் அதன் நிழலில் காப்பியும்தான். பச்சை வாழைக்காயை இறைச்சியோடு வேகவைக்கும் 'மச்சலாரி' என்ற குழம்பை முதல்முறை சாப்பிட்டபோது, ஏத்தன்காய் போட்டு எங்கள் பாட்டி வைக்கும் கறி ஞாபகம் வந்து, அன்று மட்டும் கொஞ்சம் கலங்கிவிட்டேன். இன்னொன்று, கம்பளிச் சட்டை கட்டாயம் வாங்குங்கள். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போய், ஜூன், ஜூலை மாதங்களில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பாடம் நடத்தியவன் நான்.

மொழியைப் பற்றிக் கேட்டீர்கள். சுவாஹிலி நமக்குக் கடினமான மொழி அல்ல. எழுதியபடியே வாசிக்கலாம், மாடு என்பதற்கான சொல் நாம் அரிச்சுவடியோடு மறந்துவிடும் 'ங' ஒலியில் தொடங்குவதால் வெள்ளைக்காரர்கள் திணறும் இடத்தில் நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். ஆனால் தமிழ் எழுத்தில் குறிப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். நான் எழுதினேன். முதல் மாதக் கடைசியில், ஞாயிறு ஆராதனையில் கர்த்தருடைய ஜெபத்தை நடத்தச் சொன்னார்கள். தாளில் 'பாபா யேத்து' என்று எழுதி வைத்திருந்தேன். 'எங்கள் பிதாவே' என்று பொருள். அந்தப் 'பா'வை 'கம்பம்' என்ற சொல்லில் வரும் மூன்றாம் எழுத்தைப் போல மெலிதாகச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் 'பாட்டு' என்பதில் வருகிற 'பா'வாகச் சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னால் அந்த மொழியில் சுறாமீன் என்று அர்த்தம். 'பரலோகத்திலிருக்கிற எங்கள் சுறாவே' என்று ஒரு சபையே என் பின்னால் சொல்லாமல் நிறுத்திக்கொண்டது; முன்வரிசைச் சிறுவர்களால் மட்டும் முடியவில்லை. மீன்பிடி ஊரான தூத்தூர்ப் பக்கத்திலிருந்து இதைப் படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும், அங்கே சுறாவுக்குத் தனி மரியாதை உண்டு என்று தெரியும்.

அடுத்த மாதத்திலிருந்து நான் பிரசங்கம் செய்ய ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு வணக்கம் சொல்ல மட்டும் கற்றுக்கொண்டேன். அதுவே பெரிய பாடம். வயதில் பெரியவரைக் கண்டால் 'ஷிகமோ' என்று நாம்தான் முந்திச் சொல்ல வேண்டும். அவர் 'மரஹபா' என்று ஏற்றுக்கொள்வார். பிறகு வீட்டுச் செய்தி, வேலைச் செய்தி, காலைச் செய்தி என்று வரிசையாக விசாரித்து முடித்த பின்புதான் வந்த காரியத்தைப் பேசலாம். நேராகக் காரியத்துக்கு வருகிறவனை வளர்ப்பு சரியில்லாதவன் என்றே நினைப்பார்கள். வீட்டு வாசலில் 'ஹோதி' என்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து 'கரிபு' என்று பதில் வரும் வரை காலெடுத்து வைக்கக் கூடாது.

இனி, யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கும் ஒரு விஷயம். அங்கே மிஷனெரி என்றால் வெள்ளைக்காரர் என்றுதான் பழக்கம். லைப்சிக் மிஷன் ஜெர்மானியர்கள் 1893இல் அந்த மலைக்கு வந்து தொடங்கிய கதை அது. இந்தியர் என்றாலோ கடைக்காரர் என்று பழக்கம். கடைக்கே அவர்கள் மொழியில் 'துக்கா' என்றுதான் பெயர், இந்தியில் கடையைக் குறிக்கும் 'துக்கான்' என்ற சொல்லின் உறவு. ஆகவே என்னைப் பார்த்தவர்கள் முதலில் கேட்டது, "உங்கள் கடை எங்கே?" என்பதுதான். கடை இல்லை, பள்ளியில் இருக்கிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். சம்பளம் பிடித்தம் செய்யும் முதலாளியிடம் பேசுவதைப் போல எச்சரிக்கையாகப் பேசுவார்கள். அந்த எச்சரிக்கை கரைய ஓராண்டு பிடித்தது. கரைத்தது என் பேச்சு அல்ல. சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் வாழைத்தார், முட்டை, கோழி ஆகியவற்றை ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம் விடுவார்கள். நம் அறுப்பின் பண்டிகை ஏலத்தை அப்படியே பெயர்த்து வைத்தது போல இருக்கும். ஒரு நாள் ஒரு சேவலுக்கு நான் விலை கேட்கத் தொடங்கி, எதிரில் ஒரு கிழவி விடாமல் ஏற்ற, ஊரே கூடி நின்று கைதட்டியது. சேவலை எடுத்தது கிழவிதான். அடுத்த வாரம் அவர் வீட்டில் எனக்கு அதே சேவலில் குழம்பு.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேட்பார்கள்; பள்ளிக் கட்டணம், மருந்து, இறுதிச் சடங்கு என்று உண்மையான காரணங்களுக்காகவே கேட்பார்கள். நான் முதல் நான்கு மாதங்களில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து, ஐந்தாம் மாதம் கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கினேன். பிறகு, கொடுக்க நினைப்பதைச் சபை மூப்பர் குழுவிடம் கொடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். யாருக்கு அவசரம் என்பது அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

காய்ச்சலை அலட்சியம் செய்யாதீர்கள். மலைமேல் கொசு குறைவு, ஆனால் சமவெளிக்கு இறங்கிப் போய் இரவு தங்கினால் வலைக்குள்தான் படுக்க வேண்டும். நான் களைப்பு என்று எண்ணி மூன்று நாள் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் சக ஆசிரியர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் தூக்கிக்கொண்டு போய் விரலில் குத்திப் பார்த்தபோது மலேரியா. மூன்று நாளுக்கு ஆறு வேளை மாத்திரை. இரண்டாம் நாளே நன்றாக இருப்பது போலத் தோன்றும், அங்கே நிறுத்திவிடக் கூடாது. குடியிருப்பு அனுமதி விஷயத்திலும் கவனம் தேவை. மிஷனெரிகளுக்கு 'சி' வகை அனுமதி. புதுப்பிக்கும் தாள்களை என்னை அனுப்பிய அமைப்பு தாமதமாக அனுப்பியதால் சில வாரங்கள் ஊரை விட்டு நகராமல் இருந்தேன். எல்லாத் தாளிலும் இரண்டு நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

பதில்: முட்டம் அலை

நான் கோட்டாறு மறைமாவட்டக் கடலோரத்தைச் சேர்ந்த ஒரு துறவற சபைச் சகோதரி. பப்புவா நியூ கினியின் மலைநாட்டில், கோரோக்கா நகரத்திற்கு அப்பால் உள்ள ஒரு பங்கில் ஆறு ஆண்டுகள் பணி செய்தேன். தம்பி கேட்ட மூன்றில் தனிமையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்ற இரண்டையும் மேலே எழுதியவர் என்னைவிட நன்றாகவே சொல்லிவிட்டார்.

எங்களுக்குத் துறவற இல்லத்தின் ஒழுங்கு இருந்தது. காலை ஐந்து மணி ஜெபம், திருப்பலி, பள்ளி, மருந்தகம், பிற்பகலில் 'கவ்கவ்' என்று அவர்கள் சொல்லும் சர்க்கரைவள்ளிக் கிழங்குத் தோட்டத்தில் வேலை, மாலை மன்றாட்டு என்று மணிக்கணக்காகக் கட்டப்பட்ட நாள் அது. ஒழுங்கு இருந்தால் தனிமை வராது என்று இளம் வயதில் நம்பியிருந்தேன். கடற்கரையில் பிறந்தவள் நான்; அலைச் சத்தம் இல்லாத இரவு எப்படி இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. முதல் மூன்று மாதங்கள் அந்த அமைதியில் தூக்கம் வரவில்லை என்பதை, ஏளனம் செய்வார்களோ என்று தலைமைச் சகோதரியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நாலாம் ஆண்டில் என் தந்தை இறந்தார். அங்கே விடிகாலை ஐந்து மணி, முட்டத்தில் நள்ளிரவு பன்னிரண்டரை. என் உடன்பிறந்த தம்பியின் அழைப்பு ஜெபத்திற்கு மணி அடிக்கும் நேரத்தில் வந்தது. மலைநாட்டிலிருந்து தலைநகரான போர்ட் மோர்ஸ்பிக்குச் சாலை கிடையாது. சிறிய விமானத்தில்தான் போக வேண்டும், அங்கிருந்து நாடு விட்டு நாடு மாறி ஊர் வந்து சேர இரண்டு நாளாவது ஆகும். மறுநாள் மாலையே அடக்கம் என்று முடிவாகியிருந்தது. போகவில்லை. கல்லறைத் தோட்டத்தில் தம்பி கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தான். எனக்குத் தெரிந்தது குடைகளும், மாமாவின் தோளும், நடுநடுவே உறைந்து நின்ற படமும்தான்.

அன்று மதியம் எங்கள் இல்லத்தின் முற்றத்தில் பெண்கள் வந்து உட்காரத் தொடங்கினார்கள். யாரும் அழைக்கவில்லை. அந்த நாட்டில் துக்க வீட்டை 'ஹவுஸ் கிராய்' என்பார்கள், அழுகை வீடு என்று பொருள். இறந்தவர் முட்டத்தில் இருந்தாலும், மகள் இருக்குமிடத்தில் அழுகை வீடு வைக்காமல் இருக்கக் கூடாது என்பது அவர்கள் முடிவு. தலைச்சுமையாக விறகும் கிழங்கும் கொண்டுவந்தார்கள். சிலர் முகத்தில் மண் பூசியிருந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு வயதான அம்மா, தம் பின்னல் பையிலிருந்து பாக்கும் சுண்ணாம்பும் எடுத்து எனக்கு நீட்டிவிட்டு, நான் மெல்ல மாட்டேன் என்று நினைவு வந்ததும் தாமே வாயில் போட்டுக்கொண்டார். எங்கள் ஆச்சியும் அப்படித்தான் செய்திருப்பார். துயரத்துக்கு அவர்கள் மொழியில் 'பெல் ஹெவி' என்று சொல். வயிறு கனக்கிறது என்று பொருள். பெற்ற வயிறு என்று சொல்லிப் பழகிய எனக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மூன்று நாள் இரவும் பகலும் இருந்தார்கள். அப்பாவின் பெயர், அவர் படகின் நிறம், என்ன மீன் பிடிப்பார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நான் அவர்களுக்கு மறைக்கல்வி கற்றுக்கொடுக்கப் போனவள். அந்த மூன்று நாளுக்குப் பிறகு வகுப்பில் நான் பேசிய விதமே மாறிவிட்டது என்று என்னோடிருந்த சகோதரிகள் சொன்னார்கள். எப்படி மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதில்: மயிலாடிக்காரர்

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன் நான். வெளிநாட்டில் ஊழியம் செய்ததில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து ஊழியம் செய்ய வந்தவர் முதலில் தங்கிய ஊரில் பிறந்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

ஜெர்மானியரான ரிங்கல்தௌபே தரங்கம்பாடியில் தமிழ் கற்றுக்கொண்டு, 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். அவரை வரவழைத்தவர் மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம். வந்தவுடன் ஆலயம் கட்டிவிட முடியவில்லை. அரசின் அனுமதிக்காக அலைந்து, ஆங்கிலேயரின் பிரதிநிதியாக (ரெசிடென்ட்) இருந்த மெக்காலேயின் உதவியை நாடி, நடுவில் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியும் வந்து போய், 1809இல்தான் மயிலாடி ஆலயம் எழுந்தது. ஆகவே குடியிருப்புத் தாளுக்காகச் சில வாரங்கள் முடங்கிக் கிடந்ததைப் பற்றி மேலே எழுதிய தம்பி மனம் வருந்த வேண்டியதில்லை, அது இந்தத் தொழிலோடு பிறந்தது. 1816இல் உடல்நலம் கெட்டுக் கப்பலேறிப் போன அந்த மனிதர் பின்னர் என்ன ஆனார் என்பதற்கு உறுதியான செய்தி இல்லை. அவருக்கு ஒரு கல்லறைகூட நாம் காட்ட முடியாது.

இதைப் பற்றி ஆண்டுதோறும் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகள் அவருக்கு யார் சோறாக்கிக் கொடுத்தார்கள், காய்ச்சலில் படுத்தபோது யார் கஞ்சி வைத்தார்கள், அவருடைய தமிழில் பிழை வந்தபோது யார் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள் என்று எந்தக் கூட்டத்திலும் பேசி நான் கேட்டதில்லை. மயிலாடிப் பெண்கள்தான் அதைச் செய்திருக்க வேண்டும். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. கோழிக்குழம்பு வைத்த கிழவியையும் மண் பூசி வந்த அந்த அம்மாவையும் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் பெண்களே தெரிந்தார்கள்.

ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இரண்டு ஆண்டு என்பது போதாது. எவரெஸ்ட் ஏறும் குழுவில் 1922இல் வந்த டாக்டர் சோமர்வெல், மலையை விட்டு இறங்கி நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில், 1838இல் தொடங்கப்பட்ட நெய்யூர் மருத்துவமனையில் நோயாளிகள் காத்துக் கிடப்பதைக் கண்டு, லண்டனில் தமக்கிருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் தங்கினார். எல்லாரும் சோமர்வெல் ஆக வேண்டியதில்லை. ஆனால் முதல் ஆண்டு முழுவதும் நீங்கள் அந்த ஊருக்குக் குழந்தை. குழந்தை பேசத் தொடங்கும்போது பெட்டி கட்டிவிட்டால், வளர்த்தவர்களுக்கு என்ன இருக்கிறது? அனுப்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும், தம்பி அல்ல.

பதில்: தக்கலை அம்மா

மக்களே, என் மகனும் இப்படித்தான் வேறொரு நாட்டுக்குப் போயிருக்கிறான். உங்கள் அம்மாவுக்காக எழுதுகிறேன். தினமும் பேசுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு நாள் சிக்னல் கிடைக்காமல் போனால், அன்று இரவு இங்கே யாரும் உறங்க மாட்டோம். ஞாயிறும் புதனும் என்று இரண்டு நாளைச் சொல்லிவிட்டு அதைத் தவறாமல் செய்யுங்கள். பேசும்போது, "நன்றாக இருக்கிறேன், எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள்" என்று முடித்துவிடாமல், என்ன சாப்பிட்டீர்கள், யார் வீட்டுக்குப் போனீர்கள், துணி காய்ந்ததா என்று சொல்லுங்கள். சபைக்காக ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கும் பிடியரிசிக் கலயத்தில் நான் அரிசி போடும்போது என் மகன் அன்று சாப்பிட்டது என்னவென்று தெரிந்திருந்தால், ஜெபத்தில் சொல்ல எனக்கு ஏதாவது இருக்கும்.

கேள்வி கேட்டவர்: வேர்க்கிளம்பி தம்பி

அனைவருக்கும் மிகுந்த நன்றி. சகோதரி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார்கள், சிறிது நேரம் கழித்து வந்து மீதியை வாசிக்கச் சொன்னார்கள். மயிலாடி ஐயா சொன்னதைப் பற்றி, காலத்தை நீட்டிக்க முடியுமா என்று அனுப்பும் குழுவிடம் இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன். முதல் ஆண்டு முடிவில் பார்க்கலாம் என்றார்கள். ஞாயிறும் புதனும் என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று. அங்கே மாலை ஆறு மணி, இங்கே எட்டரை. அப்பா உறங்குவதற்கு முன் பேசிவிடலாம், அவர் இரண்டு மணிக்கு எழுந்து தோட்டத்துக்குப் போகிறவர்.

வாழைத்தோப்பு அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி பாக்கி. பெட்டிக்கு 23 கிலோதான் அனுமதி. அதில் கருப்பட்டி, மிளகுத்தூள், ஏத்தன்காய் உப்பேரி எல்லாம் போக, வீட்டிலுள்ள தேங்காய் துருவும் பலகையையும் வைத்தே தீர வேண்டும் என்று அம்மா நிற்கிறார்கள். இரும்பு நாக்கு விமான நிலையத்தில் என்ன ஆகுமோ தெரியவில்லை. அங்கே அது கிடைக்குமா?

பதில்: வாழைத்தோப்பு

கிடைக்கும், வைக்க வேண்டாம். கடற்கரைப் பகுதியிலிருந்து தேங்காய் மோஷி சந்தைக்கு வரும். துருவும் பலகையும் அங்கேயே விற்கிறார்கள். மடக்கி வைக்கும் மரப்பலகை, முன்னால் பல்வைத்த இரும்பு நாக்கு. அச்சு அசலாக நம் வீட்டில் உள்ளதுதான். அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ம்புஸி', அதாவது ஆடு. கடைக்காரரிடம் தேங்காய்க்கான ஆடு என்று தெளிவாகச் சொல்லுங்கள். நான் வெறுமனே ஆடு வேண்டும் என்று கேட்டு, அவர் என்னைச் சந்தையின் மறுகோடிக்கு அழைத்துப் போய்க் கயிற்றோடு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார்.

அந்த எடைக்கு அப்பா வாங்கிய டார்ச்சையும் இரண்டு ஜோடி பேட்டரியையும் வையுங்கள்.